உருவமும் எழுத்தும்

சீசருக்கு வரி செலுத்துவது முறையா என்று தம்மைச் சோதிக்க வந்தவர்களிடம் இயேசு ஒரு நாணயத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதைக் காட்டி, அதில் இருக்கும் உருவம் யாருடையது, எழுத்து யாருடையது என்று வினவினார். இப்பகுதியை நாம் பெரும்பாலும் வரியைப் பற்றிய போதனையாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் ஆண்டவர் ஓர் ஆட்சியின் சின்னத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்பதையும் அங்கே நமக்குக் கற்றுத் தருகிறார் என்று தோன்றுகிறது. உருவம் ஒன்று, எழுத்து மற்றொன்று. உருவம் கண்ணைக் கவர்கிறது. 'நீ எம்மவன்' என்று சொல்லி அணைத்துக்கொள்கிறது. எழுத்தோ வாசிக்கப்பட வேண்டும். வாசித்தவனிடம் அது எதையோ கேட்கிறது. இவ்விரு கேள்விகளையும் கையில் ஏந்தி, நம் மாநில அரசின் இலச்சினையைத் திறனாய்வு நோக்கில் வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தக் கோபுரம்?

அவ்வாசிப்பைப் பிளவக்கல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து, பெரியாறு, கோவிலாறு என்னும் இரு அணைகளைக் கொண்டது பிளவக்கல் திட்டம். (இப்பெரியாறு முல்லைப் பெரியாறு அன்று, வைப்பாற்று வடிநிலத்தைச் சேர்ந்த சிற்றாறு.) தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு இம்மலைத் தொடரின் முகடுகளில் வாழ்கிறது. மாநில மரமாகிய பனை சமவெளியின் கண்மாய்க் கரைகளில் நிற்கிறது. அரசு இலச்சினையில் உள்ள கோபுரம் எனப் பெரும்பாலோர் நம்பும் திருவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் கோபுரம் இதே வட்டாரத்தில், பதினொரு நிலைகளோடு 192 அடி உயர்ந்து நிற்கிறது. ஒரு மாநிலம் தன்னைக் குறிக்கத் தேர்ந்துகொண்ட அடையாளங்களில் இத்தனை ஒரே வட்டாரத்தில் அமைவது அரிது. ஆகவே இப்பகுதி மக்களுக்கு மாநிலச் சின்னம் என்பது தலைநகரிலிருந்து வந்து சேர்ந்த பொருள் அன்று. தம் ஊரிலிருந்து தலைநகருக்குச் சென்ற பொருள். அந்தப் பெருமிதம் இயல்பானதே.

இந்த இலச்சினை 1949ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசால் ஏற்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் மாகாணப் பிரதமராகப் பொறுப்பேற்ற பி. எஸ். குமாரசாமி ராஜா இராஜபாளையத்தைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் ஒரிசாவின் ஆளுநராகவும் விளங்கியவர். இந்தப் பொருத்தம் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்னும் நம்பிக்கைக்கு வலுவூட்டக்கூடியது. ஆனால் இலச்சினையை வரைந்தவர் மதுரையைச் சேர்ந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் என்பதையும், அவர் மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தையே மாதிரியாகக் கொண்டார் என்பதையும் எடுத்துக்காட்டும் மறுசாராரும் உண்டு. இரு ஊர்க்கும் இடையே இவ்வழக்கு ஓய்ந்தபாடில்லை.

இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் பணி அன்று. ஆனால் வழக்கின் தன்மையைக் கவனிக்கலாம். இரு சாராரும் கேட்பது ஒன்றே: 'இந்த உருவம் யாருடையது?' வைணவக் கோயிலின் கோபுரமா, சைவக் கோயிலின் கோபுரமா என்பது கூட இங்கே பெரிதாகப் பேசப்படுவதில்லை. எந்த ஊருக்கு உரியது என்பதே பேசப்படுகிறது. ஆழ்ந்து நோக்கின் இது ஒரு மாற்றத்தின் அடையாளம். சமயம் சார்ந்த ஓர் உருவம் அரசின் தாளில் ஏறிய பின், அதைப் பற்றிய பூசலும் சமயப் பூசலாக இல்லாமல் ஊர்ப் பூசலாக மாறிவிட்டது.

சமயமா, பண்பாடா?

எனினும் கத்தோலிக்கராகிய நம்மில் சிலர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது உண்டு. சமயச் சார்பற்ற அரசின் இலச்சினையில் கோயில் கோபுரம் இருக்கலாமா? அதன் கீழ் நிற்கும் கிறிஸ்தவனும் இஸ்லாமியனும் விருந்தாளியா, வீட்டுக்காரனா? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, கோபுரத்தை வழிபாட்டுக்குரிய பொருளாகப் பாராமல் திராவிடக் கட்டடக் கலையின் சின்னமாகப் பார்க்க வேண்டும் என்பது.

இந்த விடை நமக்குப் புதியது அன்று. 1606இல் மதுரைக்கு வந்து சேர்ந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி சொன்னதும் ஏறத்தாழ இதுவே. பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயக் குறிகள் அல்ல, சமுதாயக் குறிகள். ஆகவே திருமுழுக்குப் பெற்றவர் அவற்றைக் களைய வேண்டியதில்லை என்று அவர் வாதிட்டார். நெடிய விவாதத்துக்குப் பின் 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவர் வழிக்கு இசைவளித்தார். அந்த இசைவு இல்லையேல் நம் வழிபாட்டிலும் வாழ்விலும் தமிழ் மணம் இவ்வளவு வீசியிராது. நம் திருவிழாக்களில் கொடிமரம் ஏறும் கொடியும், வீதி உலா வரும் தேரும் அம்மனப்பான்மையின் கனிகளே. அவ்வகையில், கோபுரத்தைப் பண்பாட்டுச் சின்னமாக ஏற்பதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. மதிப்பது வேறு, வழிபடுவது வேறு.

ஆனால் தெ நொபிலியின் வரலாறு நமக்கு மற்றொன்றையும் சொல்கிறது. 'இது சமயம் அன்று, சமுதாய வழக்கு' என்று ஒதுக்கி ஏற்றுக்கொண்டவற்றுள் சாதியும் இருந்தது. உயர்சாதியாருக்கு ஒருவகைக் குரு, மற்றவர்க்குப் பண்டாரசுவாமி என்னும் மற்றொருவகைக் குரு என்று மதுரை மறைப்பணித்தளம் 1640க்குப் பின் இரண்டாகப் பிரிந்து நடந்தது. சமுதாயக் குறி என்று நாம் பெயரிட்டவுடன் ஒரு சின்னம் மாசற்றதாகிவிடுவதில்லை. அதன் உள்ளே எது மறைந்து வருகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பொருள் மாறும் வண்ணங்கள்

இலச்சினையில் கோபுரத்தின் முன்னே சாரநாத்தின் சிங்கத் தூண்தலையும், அதன் இருபுறமும் மூவண்ணக் கொடியும் உள்ளன. சிங்கத் தூண், புத்தர் தம் முதல் போதனையை நிகழ்த்திய இடத்தில் அசோகர் நிறுவியது. பௌத்தச் சின்னமாகப் பிறந்த அது 1950 சனவரி 26 அன்று இந்தியக் குடியரசின் சின்னம் ஆயிற்று. ஆக, நம் மாநில இலச்சினையில் சைவமோ வைணவமோ மட்டும் இல்லை, பௌத்தமும் இருக்கிறது.

கொடியின் கதை இன்னும் நெருக்கமாக நம்மைத் தொடுகிறது. 1921இல் பெசவாடாவில் பிங்கலி வெங்கையா காந்தியடிகளிடம் அளித்த கொடியில் சிவப்பும் பச்சையும் இருந்தன. அவை இந்துக்களையும் இஸ்லாமியரையும் குறித்தன. பிற சமயத்தாரைக் குறிக்க வெள்ளையும் வேண்டும் என்றார் காந்தியடிகள். கிறிஸ்தவராகிய நமக்கு அக்கொடியில் கிடைத்த இடம் அந்த வெள்ளைதான். 'மற்றவர்' என்னும் இடம். ஆனால் சமயத்துக்கு ஒரு வண்ணம் என்னும் பங்கீடு பலருக்கும் மனநிறைவு தரவில்லை. 1931இல் காங்கிரசு கொடியின் பொருளையே மாற்றியது. வண்ணங்களுக்குச் சமயப் பொருள் இல்லை. காவி துணிவுக்கும் தியாகத்துக்கும், வெள்ளை வாய்மைக்கும் அமைதிக்கும், பச்சை நம்பிக்கைக்கும் வீரத்துக்கும் உரியவை என்று அறிவிக்கப்பட்டது. 1947 சூலை 22 அன்று, இராட்டையின் இடத்தில் அசோகச் சக்கரத்தோடு, அரசியல் நிர்ணய சபை அக்கொடியை ஏற்றது. சென்னை இலயோலா கல்லூரியின் முதல்வராயிருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அச்சபையின் உறுப்பினருள் ஒருவர்.

இம்மாற்றத்தின் ஆழத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.  ஆனால் 'மற்றவர்' என்று பொருள்பட்ட வெள்ளை 'வாய்மை' என்று பொருள்படலாயிற்று. முன்னது நமக்கு ஒரு பங்கைக் கொடுத்தது. பின்னது எல்லாரிடமும் ஒரு கடமையைக் கேட்கிறது. ஒரு சின்னம் எல்லார்க்கும் பொதுவாவது இவ்வழியில்தான் என்று நாம் கருதுகிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு என்று பங்கிடுவதால் அது பொதுவாகிவிடுவதில்லை. எல்லாரையும் ஒரே அறத்தின் முன் நிறுத்தும்போதே பொதுவாகிறது. உரோமையரின் தூக்குமரமாக இருந்த சிலுவை மீட்பின் சின்னமான வரலாற்றை உடைய நமக்கு இது விளங்காத செய்தி அன்று. அதே சிலுவை படைக்கொடிகளில் ஏறிப் பிறரை அச்சுறுத்தியதும் உண்டு என்பதை மறக்கவும் கூடாது. சின்னம் உயரவும் கூடும், தாழவும் கூடும்.

தமிழான எழுத்து

இனி எழுத்துக்கு வருவோம். 1967இல் ஆட்சி மாறிய பின்னர், சத்யமேவ ஜயதே என்னும் வடமொழி வாசகம் 'வாய்மையே வெல்லும்' என்று தமிழாயிற்று. 1969 சனவரி 14 அன்று 'சென்னை மாநிலம்' 'தமிழ்நாடு' ஆனது. மனோன்மணீயம் நாடகத்தின் (1891) பாயிரத்திலிருந்து எடுத்த தமிழ்த்தாய் வாழ்த்து 1970இல் அரசு விழாக்களின் பாடலாகத் தேர்ந்துகொள்ளப்பட்டது. 2021 திசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அப்பாடலைத் தேர்ந்தபோது, பிற மொழிகளைப் பற்றிய அடிகள் விடப்பட்டன. இவ்வாறு விட்டதில் ஒரு பக்குவம் உண்டு. தன்னைப் போற்றுவதற்குப் பிறரைத் தாழ்த்த வேண்டியதில்லை என்னும் பக்குவம் அது. ஒரு சின்னத்தின் வரலாற்றில் வைத்துக்கொண்டவை போலவே விட்டுவிட்டவையும் பேசுகின்றன.

இம்மாற்றங்களுள் நாம் தலையாயதாகக் கருதுவது வாசகம் தமிழானதையே. உருவம் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும். வடமொழி வாசகமோ பலருக்கு இன்னோர் உருவமாகவே நின்றது; பார்த்தார்கள், படிக்கவில்லை. தமிழான அன்றுதான் அது உண்மையில் எழுத்து ஆயிற்று. திருவழிபாடு இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்த அதே பத்தாண்டில் இது நிகழ்ந்தது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். புரியாத மொழியில் பக்தியோடு நிற்பது எளிது. புரியும் மொழியில் கேட்டபின் அதற்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்சியாளரும் குடிமக்களும் தம் தாய்மொழியில் நாள்தோறும் கையெழுத்திடும் உறுதிமொழியாக அவ்வாசகம் மாறியது.

தாளில் எழுதப்படும் நாம்

சின்னங்கள் நம் அடையாளத்தை எவ்வாறு உருவாக்குகின்றன? கொடியேற்ற நாளில் எழும் உணர்ச்சியால் மட்டும் என்று கருதுவது குறையுடையது. பிளவக்கல் பாசனத்தில் உழுதுண்ணும் ஒருவர் தம் வாழ்நாளில் இவ்விலச்சினையை எங்கே காண்கிறார்? பிறப்புச் சான்றிதழில், குடும்ப அட்டையில், அரசின் ஆணைகளில், பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில். அங்கெல்லாம் அது வெறும் அணியாக இராமல், 'இதில் எழுதியிருப்பது மெய்' என்று அரசு இடும் கையொப்பமாக நிற்கிறது. நாம் யார் என்பதை அரசு எழுதுகிறது; கோபுரம் அதற்குச் சாட்சி நிற்கிறது. சின்னம் அடையாளத்தை வடிப்பது இவ்வாறுதான்.

அத்தாள்களில் ஒன்று சாதிச் சான்றிதழ். இங்கேதான் உருவத்துக்கும் எழுத்துக்கும் இடையே ஒரு பிளவு காணப்படுகிறது. 1950 ஆகஸ்டு 10 அன்று பிறந்த குடியரசுத் தலைவரின் ஆணை, இந்து சமயத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியைச் சார்ந்தவராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அக்கதவு திறக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் திறக்கப்படவில்லை. ஆகவே தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் என்றே சான்றிதழ் பெறுகின்றனர். அண்ணன் தம்பி இருவருள் ஒருவர் திருமுழுக்குப் பெற்றால், ஒரே தெருவில், ஒரே வீட்டில் வாழும் இருவர்க்கும் ஒரே கோபுரத்தின் கீழ் இரு வேறு உண்மைகள் எழுதப்படுகின்றன. தெருவோ இருவரையும் ஒரே பெயரால்தான் அழைக்கிறது.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த கிறிஸ்தவர் ஒருவர், தம்மையொத்த தொழிலாளருக்கு அரசு இலவசமாக வழங்கிய கடைப்பெட்டி தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1985இல் அவர் வழக்கு தள்ளுபடி ஆயிற்று. சாதியின் கொடுமைகள் மதம் மாறிய பின்னும், புதிய சமயச் சூழலிலும், அதே கடுமையோடு தொடர்கின்றன என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கூறியது. 2007இல் அறிக்கை அளித்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதியைச் சமயத்திலிருந்து பிரிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2022இல் நடுவண் அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவருக்கு அத்தகுதியை வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

யார் தரும் சான்று?

அந்தத் தீர்ப்பில் ஒரு சொல் நம்மை உறங்கவிடாமல் செய்ய வேண்டும்: சான்று. கிறிஸ்தவத்துக்குள் சாதி தொடர்கிறதா என்று நாடு கேட்கிறது. விடை யாரிடம் இருக்கிறது? நம் கல்லறைத் தோட்டங்களிடம் இருக்கிறது. இறந்தோரையும் பிரித்து வைத்த சுவர்கள் அதற்குச் சாட்சி. நம் தேர்ப்பவனிகளிடம் இருக்கிறது. எந்தத் தெருவில் நுழைந்தது, எந்தத் தெருவின் முனையோடு திரும்பியது என்பதைத் தேர்ச்சக்கரம் அறியும். பண்பாட்டுச் சின்னம் என்று நாம் உவந்து ஏற்ற அதே தேர், சில ஊர்களில் எல்லையைக் குறிக்கும் கோலாகவும் ஆனது. தெ நொபிலியின் காலத்தில் சமுதாய வழக்கு என்னும் பெயரால் உள்ளே நுழைந்தது எது என்பது இப்போது விளங்கும்.

இதனைப் பேசினால் திருச்சபைக்கு இழுக்கு என்பார் உண்டு. அவர்தம் அச்சம் பொருளற்றது அன்று. நம்மைப் பழிப்பதற்கென்றே காத்திருப்போர் உளர். 'திருமுழுக்கில் சாதி கரைந்துவிட்டது என்று போதித்துவிட்டு, சாதிச் சலுகை கேட்பது முரண் அன்றோ?' என்னும் கேள்வியும் நேர்மையான கேள்வியே. அதற்கு நாம் சொல்லக்கூடிய விடை இது: திருமுழுக்குப் போதிப்பது இறைவனின் உண்மை, கல்லறைச் சுவர் காட்டுவது நம் நடைமுறை. இரண்டுக்கும் உள்ள தொலைவை மறைப்பதால் முன்னதற்குப் பெருமை சேராது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவரிடையே நிலவும் சாதி அடிப்படையிலான முற்சாய்வு மெய்யான மானிட ஒருமைப்பாட்டுக்கு எதிரான சின்னம் என்று எச்சரித்தார். சின்னத்தைப் பற்றிச் சிந்திக்கும் நமக்கு இச்சொல் மிக நுட்பமானது. சிலுவையைச் சுமக்கும் சமூகம், அச்சிலுவைக்கே எதிர்ச்சின்னமாக நிற்கக்கூடும் என்பதல்லவா அதன் பொருள்! 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் ஆற்றல்படுத்தலுக்கான தன் கொள்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள் இப்பாகுபாடு இருப்பதை ஒளிக்காமல் ஏற்றது. அது இழுக்கு அன்று, வாய்மையின் தொடக்கம்.

ஆகவே இரு தரப்பும் ஒரே வாசகத்தின் முன் நிற்கின்றன. அரசின் தாளில் 'வாய்மையே வெல்லும்' என்று எழுதியிருக்க, அதன் மேலே ஒருவருடைய வாழ்வின் மெய்ந்நிலை சமயத்தைக் காரணம் காட்டி மாற்றி எழுதப்படலாகாது. அவ்வாறே, அந்த அநீதி களையப்பட வேண்டும் என்று தெருவில் நின்று முழங்கும் நாம், நம் பங்கின் எல்லைக்குள் அதே அநீதிக்கு மௌனச் சாட்சியாக இருத்தலும் ஆகாது. அரசிடம் கேட்கும் உரிமை, நம் கல்லறைச் சுவரை நாமே இடிக்கும்போதுதான் முழுமை பெறும்.

கோபுரம் திருவில்லிபுத்தூரினதா, மதுரையினதா என்னும் வழக்கு இன்னும் பல்லாண்டு நடக்கட்டும். அதில் ஊர்ப்பற்றின் இனிமை இருக்கிறது. பிளவக்கல்லின் பள்ளிப் பிள்ளைகள் அதைத் தம் கோபுரம் என்று சொல்லிக்கொள்ளும்போது, அக்கூட்டத்தில் கிறிஸ்தவப் பிள்ளையும் தயங்காமல் சேர்ந்து சொல்லட்டும். ஆனால் பெற்றோரும் ஆசிரியரும் மறைக்கல்வி தருவோரும் அதே பிள்ளைகளுக்கு இலச்சினையின் அடியில் உள்ள எழுத்தையும் விரல் வைத்து வாசிக்கக் கற்றுத் தருதல் வேண்டும். சீசரின் நாணயத்தில் உருவம் சீசருடையது. மனிதனிலோ கடவுளின் சாயல் பொறிக்கப்பட்டிருக்கிறது. அச்சாயலின் மேல் பொய்யான எழுத்தை எழுத எந்த அரசுக்கும் உரிமை இல்லை. எந்தப் பங்குக்கும் உரிமை இல்லை.